சுவரில் இருந்த அப்பா

அன்று காலை வேலைக்குப் போகுமுன் என் தம்பி ரதீசன் அப்பாவின் படத்துக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். பின்னேரம் வந்து சாப்பிடுகிறேன் என்றான். கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள், அவனுடைய படத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டுவதற்காக அவன் மனைவி வதனி சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் வீடு எரிந்தபோது எங்கள் படங்கள் எல்லாம் போய்விட்டன. அப்பா சாகும்போது ரதீசன் கைக்குழந்தை, நான் சின்னப் பிள்ளை. அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் இந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. தாடி வைத்த, களைத்த முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கன்னமெங்கும் மயிரிழை போல வெடிப்புகள். பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

"அப்பா இப்பிடித்தானே, அக்கா?"

நான் படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தேன்.

வதனி ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே யோசெப் வந்தார். திருகோணமலைக்காரர், மியூசியத்தில் ரதீசனோடு காவல் வேலை செய்தவர். அவனுடைய உடுப்புப் பையைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணியை வாங்கியவர், சுவரைப் பார்த்தபடி குடிக்காமல் நின்றார்.

"இந்த ஆளை ஏன் இஞ்சை மாட்டியிருக்கிறியள்?"

"அது என்ரை மாமா," என்றாள் வதனி. "இவரின்ரை அப்பா."

யோசெப் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். அதே முகம். கீழே கறுப்பு வெல்வெட், சரிகைக் கழுத்துப்பட்டி, கையில் பூட்டுத் திறப்புக் கோர்வை; பின்னால் சுவர் நிறைய ஓவியங்கள். ஏதோ ஒரு ராசாவின் ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவராம், செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாம். ரதீசன் நின்ற அறையில் தொங்குகிறாராம். அவனை வேறு அறைக்கு மாற்றினால் கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே திரும்பி வந்துவிடுவானாம்.

அவர் போனதும் வதனி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை நான் மரக்கறி சமைச்சு ஒரு வெள்ளைக்காரனுக்கே படைச்சனான்?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் தரையில் சாய்த்து வைத்தாள். தகப்பன் பக்கத்தில் இல்லாமல் தன் புருசனைத் தனியே மாட்ட மாட்டேன் என்றாள்.

அவள் கார்ட்டியர்வில்லில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறவள். தாளும் பென்சிலும் எடுத்துவந்து என் முன்னால் இருந்தாள்.

"மாமாவைக் கண்டது இப்ப நீங்கள் ஒராள்தான், மச்சாள். சொல்லுங்கோ, நான் கீறுறன். முகம் வட்டமோ, நீட்டோ?"

பென்சில் தாளின்மேல் காத்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஞாபகமில்லை, வதனி."