கேப்டனுக்குக் கறுப்பு நாடா

குவாயாகில், 7 ஆகஸ்ட் 1957, புதன்.

வெள்ளிக்கிழமை கேப்டனுக்குக் கல்யாணம் என்று திங்களன்று எழுதியிருந்தேன். தவறு. நேற்று மாலையே அவர் செத்துப்போனார்.

நான்கு மணி வானொலித் தொடரில் வரும் கேப்டனைத்தான் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இன்று அது கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் முயல்கிறேன்.

இன்று காலை கடை திறந்ததுமே கூட்டம். நாங்கள் பொத்தான், நூல், நாடா விற்பவர்கள். வந்த பெண்கள் எல்லாரும் கேட்டது கறுப்பு நாடாதான், துக்கத்துக்கு அடையாளமாகக் கையில் கட்டிக்கொள்ள. முதலாளியம்மா தோன்யா ஹெர்லிண்டா முதல் துண்டைத் தன் கையில் கட்டிக்கொண்டார், அடுத்ததை என் கையில் கட்டினார்.

"கடைசியா ஒரு வார்த்தை பேச விடாமக் கொன்னுட்டானுங்களே ரேடியோக்காரப் பாவிங்க!" என்று தோன்யா அவுரிஸ்டெலா மூக்கைச் சிந்தினார். எங்கள் பழைய வாடிக்கையாளர் அவர். "எவனோ ஒரு மாலுமி வந்து சேதி சொல்றானாம். இது ஒரு சாவா?"

வானொலி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று கேட்பார்கள். பாதிதான் காதில் விழும். ஒருத்தி கேப்டனைச் சுட்டுவிட்டார்கள் என்றாள், இன்னொருத்தி காப்பியில் விஷம் என்றாள். எல்லாரையும் நான் திருத்தினேன். திருத்துவது எனக்குப் பிடிக்கிறது. அது நல்ல குணம்தானா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் ஒரு மீட்டர் நாடாதான் மிச்சம். தோன்யா அவுரிஸ்டெலா மறுபடியும் வந்திருந்தார். அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒல்லியான உடம்பு, குதி தேய்ந்த செருப்பு. இன்று ஊரில் எல்லாருக்கும் இருந்ததுபோல அவள் கண்களும் வீங்கியிருந்தன.

எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் அவருக்காகவா கட்டியிருக்கீங்க?"

"பின்ன, எம் புருஷனுக்கா?" என்றார் அவுரிஸ்டெலா. "அந்தாளு வீட்ல குறட்டை விட்டுக்கிட்டுக் கெடக்கான்."

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் மேல இத்தனை பேருக்குப் பிரியம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரு மீட்டர் கறுப்பு நாடா குடு பொண்ணே. கதவுல கட்டணும். ராத்திரி செபத்துக்கு ஆளுங்க வருவாங்க."

"செபமா! கேட்டியா ஹெர்லிண்டா, செத்தவங்களுக்கு வைக்கிற ஒம்பது நாள் செபமே இவ வைக்கிறாளாம்!" அவுரிஸ்டெலா நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் துண்டு எனக்கு. எங்க வீட்டு ரேடியோவுக்குக் கட்டணும்."

"எனக்கு வேற வழியில்லம்மா" என்றாள் அந்தப் பெண். "நாலு கடை ஏறி எறங்கிட்டேன். எங்கயும் கறுப்பே இல்ல."

தோன்யா ஹெர்லிண்டாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "சண்டை வேணாம். யாரு சரியா சொல்றாங்களோ அவங்களுக்கு. நீ சொல்லும்மா, அவர் எப்படிச் செத்தார்?"

அவள் ஒரு நிமிடம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல" என்றாள் மெதுவாக. "நெஞ்சுல சளி கட்டிப்போச்சு. வைத்தியர் வர்றதுக்குள்ள..."

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. "நடுக்கடல்ல சளி புடிச்சுச்சாம்!" என்று அவுரிஸ்டெலா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யார் வீட்டு ஜன்னல்ல நின்னு கேட்ட நீ?"

நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன்.

"தப்பும்மா. காய்ச்சல் இல்ல. புயல்ல கப்பல் கவுந்து மூழ்கிப் போனார். நேத்து கடைசிக் காட்சியில தெளிவா சொன்னாங்க. நீங்க சரியாக் கேக்கல."

சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டி அவுரிஸ்டெலாவிடம் கொடுத்தேன். அவர் வெற்றிச் சிரிப்போடு படியிறங்கிப் போனார். தோன்யா ஹெர்லிண்டா விளக்கை அணைக்க உள்ளே போனார்.

அந்தப் பெண் அங்கேயே நின்றாள். கோபம் இல்லை. தெரு முழுக்கப் பெண்கள் கையில் கறுப்போடு போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. நாங்கள் யாருக்காகக் கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலும்.

"கருநீலம் இருக்கும்மா, தரட்டுமா?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீ சொன்னது சரிதான் பொண்ணே, கேப்டன் மூழ்கித்தான் போனார். காய்ச்சல்ல போனது, அவருக்குக் குரல் குடுத்துக்கிட்டிருந்த எம் புருஷன்."

நாளை: கடை திறக்குமுன் எங்கிருந்தாவது ஒரு மீட்டர் கறுப்பு நாடா வாங்க வேண்டும். அவர் வீடு எங்கே என்று வானொலி நிலையத்தில் விசாரிக்க வேண்டும்.