பாஸ் வீட்டு மேட்ச்

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் பிராக்டிஸ் மேட்ச் தொடங்கியதிலிருந்து, வாராவாரம் ஃபுட்பால் பார்க்கப் பிச்சுமணியைத் தன் வீட்டுக்கு அழைத்துவிடுவார் அவருடைய அமெரிக்க பாஸ். "நீ வந்தாத்தான் நம்ம டீம் ஜெயிக்கும்" என்பாராம். அவர்கள் குடியிருந்த பிளானோ ஊர் முழுக்க இதைச் சொல்லிப் பூரித்துப் போனாள் மனைவி பர்வதம்.

ஜனவரியில் ஃபைனல். சமோசாவோடு அவளும் போனாள். டிவி முன்னால் கணவரைக் காணோம். தேடினால், கராஜில் புல்வெட்டும் மெஷின் பக்கத்தில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"ஏன்னா, இங்க என்ன பண்றேள்?"

"முதல் மேட்ச்ல நான் பாத்ரூம் போன நேரம் பார்த்து டீம் ஸ்கோர் பண்ணிடுத்து. அதுலேர்ந்து நான் வரணுமாம், ஆனா மேட்ச் பார்க்கப்படாதாம்."

"முடியாதுன்னு சொல்லக் கூடாதா?"

"கிரீன் கார்டு அவர் கையிலன்னா இருக்கு!"

உள்ளே கூச்சல் வெடித்தது. டீம் ஜெயித்துவிட்டது.

பிச்சுமணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"போச்சு! அடுத்த வருஷமும் கராஜ்தான்."