பின் சீட்டு

“இந்த வண்டியேதாம்மா. வேற எதையும் பாக்க வேண்டாம்,” என்றார் பெரியவர் மகளிடம், சாம்பல் நிற வண்டியின் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு.

விற்பனைக்காரிக்கு நெஞ்சு ஒரு தரம் துள்ளி அடங்கியது. மாதத்தின் கடைசி நாள். இந்த மாதம் அவள் கையால் ஒரு வண்டிகூடப் போகவில்லை. போன மாதமும் அதே கதைதான்.

காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். “இன்னைக்காவது ஒரு வண்டி வெளிய போகுமாம்மா? இல்ல, நீ மட்டும்தான் வெளிய போகப் போறியா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

“டீசல் வண்டி மேடம். ஆயிரத்து ஐந்நூறு சி.சி. லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் குடுக்கும். டேங்க் நாப்பத்தஞ்சு லிட்டர். ஒரு தடவை ரொப்பிட்டா பங்க் இருக்கிற பக்கமே திரும்ப வேண்டாம்,” என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் பெரியவரின் மகள். “பின் சீட்டு எவ்வளவு சாயும்?”

மைலேஜைக் காதில் போட்டுக்கொள்ளாத ஆளை விற்பனைக்காரி இதுவரை பார்த்ததில்லை. விலையும் கேட்கவில்லை. வசதியான இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“நல்லாவே சாயும் மேடம். சார் தூங்கிட்டே வரலாம்.”

“ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போடுமா? பக்கத்து ஷோரூம் வண்டி அப்படித்தான், அப்பா துடிச்சுப் போயிட்டாரு. அதுக்கு அடுத்த கடையில பரவாயில்ல. ஆனா ரொம்ப உயரம், ஏற முடியல.”

தெருவிலிருக்கிற கடை வண்டிகளையெல்லாம் பார்த்துச் சலித்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். இனி எங்கேயும் போகமாட்டார்கள். விற்பனைக்காரி தன் உள்ளங்கை வேர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு கேட்டுக்குள்ள இது நுழையுமான்னு ஒரு சந்தேகம். வீடு வரைக்கும் ஓட்டிக் காட்ட முடியுமா?”

“அதுக்கென்ன மேடம், ஏறுங்க. நீங்களே ஓட்டிப் பாருங்களேன்.”

“இல்ல, நீங்களே ஓட்டுங்க. நான் அப்பாவோட பின்னாடி உக்காந்துக்கறேன்.”

ஷோரூமுக்கு நேர் எதிரே ஆஸ்பத்திரி. வண்டி அதன் வாசலைக் கடந்தபோது பெரியவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலை மகளின் தோளில் சாய்ந்துவிட்டது.

“மெதுவாப் போங்க,” என்றாள் மகள், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில்.

“டீசல்ல அதுதான் மேடம் சௌகரியம். மெதுவாப் போனாலும் திணறாது. சும்மா சும்மா கியர் மாத்தி உலுக்க வேண்டியதில்ல.”

விற்பனைக்காரி தினமும் வீட்டுக்குப் போவது பஸ்ஸில், நின்றபடி. அடுத்தவர் குடும்பம் உட்காரும் சீட்டின் சுகத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு, யார் முழங்கையோ விலாவில் இடிக்கப் போவாள். இந்த வேலையும் போய்விட்டால் அந்த பஸ்ஸில் எதற்கு ஏறுவது, எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டே கிடந்தாள். இப்போது ஒவ்வொரு பள்ளத்தையும் கெஞ்சிக் கேட்டுக் கடப்பவளைப்போல ஓட்டினாள். ஒரு குலுக்கல் போதும், எல்லாம் கைநழுவிவிடும்.

சிக்னலில் நின்றபோது மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

“என்னம்மா, ஊர் சுத்திட்டு இருக்கியா? முடியுமா முடியாதா?”

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். பெரியவர் வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அவர் நெற்றியில் கை வைத்திருந்தாள்.

“முடிஞ்ச மாதிரிதான் சார்,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “சாருக்கு வண்டி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னைக்கே புக் பண்ணிடுவாங்க.”

சொல்லியாயிற்று. இனித் திரும்பிப் போய், இல்லை என்று சொல்ல முடியாது.

“இந்தச் சந்துதான். அதோ அந்த மாடிப்படிகிட்ட நிறுத்துங்க,” என்றாள் மகள்.

விற்பனைக்காரி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் சுவர்கள் கண்ணாடியை உரசாத குறை. படியின் கீழே ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. மேலே வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள், கொடிகளில் துணி.

“கேட் எங்க மேடம்?”

மகள், பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“அப்பா... எழுந்திருங்கப்பா. வீடு வந்துடுச்சு.”

பெரியவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். தூக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. முன் சீட்டில் ஆள் இருப்பது நினைவில்லாமல், பக்கத்திலிருந்த சீட்டை ஆசையாக ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

“அலுங்காம கொண்டுவந்து விட்டுடுச்சும்மா... அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிஞ்சு எந்தக் கடை வண்டியில வரோம்?”