மூன்று நூலும் அறுந்தபோது

கால் நுனியில் ஒரு கண். ஆனால் அதற்குப் பார்வை கிடையாது. அது யார், சொல்லுங்கள்?

தையல் மிஷின் ஊசிதான். நேற்று ஜிப்பில் மோதி அது கொஞ்சம் வளைந்துவிட்டது. தெரிந்தால், உடைந்த ஊசிகள் கிடக்கும் தீப்பெட்டிக்குள் போட்டுவிடுவார்களே என்று அதற்குப் பயம்.

இன்று சிறுமி சங்கவி பொம்மைக்குப் பாவாடை தைத்தாள். சிவப்பு நூல் அறுந்தது.

"மட்டமான நூல்!" என்றது ஊசி.

அவள் நீல நூலைக் கோத்தாள், பிறகு பச்சை. இரண்டும் அறுந்தன.

"இதுவும் மட்டம், அதுவும் மட்டம்!"

அடியிலிருந்த நூல் சுற்றிய பாபின் சிரித்தது. "ஏண்ணே, மூணு பேருமா மட்டம்? மூணு பேரும் உங்க கண் வழியாத்தானே வந்தாங்க?"



சங்கவி ஊசியைக் கழற்றி, மேசைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தாள். அது சீராக உருளாமல் நொண்டியது.

அதைத் தீப்பெட்டியில் போட்டாள். புது ஊசியை மாட்டி, முதலில் ஒதுக்கிய சிவப்பு நூலையே கோத்தாள். இந்த முறை அது அறுந்துபோகவில்லை.