பெயருக்கு ஓர் உடல்

கண்ணாடிக் குப்பிக்குள் வண்டு நடந்துகொண்டிருந்தது.

பூச்சி ஆய்வாளரான அவள் மணல்திட்டில் மண்டியிட்டிருந்தாள். தலைக்கு மேல் ஆலாக்கள் வெண்மையாய்ச் சுழன்றன. காலைக் கடலும் வானும் ஒரே நிறத்தில் இருந்தன. அக்கடற்பறவைகள் நீருக்குள் பறப்பதாகவே தோன்றியது.

ஆலாவும் வண்டும் விலங்குலகம்தான். அங்கிருந்து வழிகள் பிரிகின்றன.

ஆலாவுக்கு முதுகெலும்பு உண்டு. வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் அனைத்தும் உண்டு. அழிவை நெருங்கும் இனம் என்ற தகுதியும் உண்டு.

வண்டுக்கோ குடும்பம் வரைதான் கண்டறியப்பட்டிருக்கிறது.

அதன் பின் வெற்றிடம்.

பெயரில்லாதது அழியவும் முடியாது. எந்தப் பட்டியலிலும் அது இருந்ததே இல்லை.

இந்தத் திட்டைத் தோண்டிப் படகுத்துறை அமைக்கப் போகிறார்கள். ஆலாக்கள் வேறு திட்டுக்குச் சென்றுவிடும் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கூறினர்.

உண்மைதான்.

இவ்வண்டின் சிறகுகளை மூடும் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. அதனால் பறக்க இயலாது. வேறெங்கும் அதை அவள் கண்டதில்லை.

பெயரிட்டால் படகுத்துறையைத் தடுக்கலாம். பெயரிட ஓர் உடல் வேண்டும். ஊசியில் குத்தி, மூல மாதிரி என்ற சிவப்புச் சீட்டு இணைத்து, அருங்காட்சியகப் பெட்டியில் வைக்க வேண்டிய உடல்.

இன்னொன்று கிடைத்தால் மட்டுமே இதைக் கொல்வதென்று அவள் தனக்கு விதித்திருந்தாள். நாளை இறுதிக் கூட்டம். கரையொதுங்கிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

ஈரம். மணல். வெறும் நிழல்.

படகோட்டி மிக்கேல் குரல் கொடுத்தார்.

"தண்ணி வத்துதும்மா, படகு தரைதட்டிரும். கையிலதான் ஒண்ணு இருக்கே. ஜோடி தேடுறீகளே, அதுக்குக் கல்யாணமா பண்ணப் போறீக?"

அவள் அடுத்த கட்டைக்கு நகர்ந்தாள்.

கடைசிக் கட்டையையும் புரட்டினாள். அதனடியிலும் ஒன்றுமில்லை. பிறகு, அதை இருந்தபடியே மீண்டும் வைத்தாள்.

பையிலிருந்து பஞ்சை எடுத்துப் பூச்சி கொல்லும் மருந்தில் நனைத்தாள். குப்பியின் மூடியைத் திறந்தாள்.

வண்டு விளிம்பு வரை ஏறி வந்தது.

பெயர் முன்பே முடிவாகியிருந்தது. இரண்டு சொற்கள். அவை அச்சேறும் நாளில் இது இராது.

குப்பியை வாயருகே கொண்டுவந்தாள். அவ்விரண்டு சொற்களையும் பிழையின்றி, மெதுவாகச் சொன்னாள்.

கேட்பதுபோல் வண்டு நின்றது; உணர்கொம்புகள் அசையவில்லை.

அது மீண்டும் நடக்கட்டும் என்று காத்திருந்தாள். விரலிடுக்கில் பஞ்சு உலர்ந்துகொண்டிருந்தது.