முகராமல் வாங்கிய அன்னாசி

"அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்க சார், பழுத்ததான்னு தெரிஞ்சிடும்" என்றார் பழக்கடைக்காரர்.

மனைவியோடு பழம் வாங்க வந்திருந்த முன்னாள் ஓட்டல் சமையல்காரர் காதில் விழாதது போல, நடு இலையை மட்டும் இழுத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார். மனைவி பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் கொண்டையை வெட்டிவிட்டுப் பழத்தை நெடுக்காகப் பிளந்தவர் அலறினார். "ஏய், ஓடி வா! நாறுது!"

உள்ளே பாதிப் பழம் கறுத்து அழுகியிருந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நிஜமாவா? நல்லா முகர்ந்து பார்த்துச் சொல்லுங்க!" என்றாள்.

"குடலைப் புரட்டுது!" என்று குதித்தார்.

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எந்த வாசனையும் தெரியாமல், அவர் வேலையை விட்டு எட்டு மாதமாகியிருந்தது.

"தூக்கிப் போட்டுடவா?"

"இரு, இரு! இன்னொரு தடவை முகர்ந்துக்கறேன்!"