மோவாயில் ஒரு பருக்கை

மூன்று மாதமாக வடிவு புருஷனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு எழுந்தால் ஆவுடையப்பனின் மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். நாத்தனார் மகள் கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் முன்னால், "தொடைச்சித் தொலைங்க, மானம் போவுது" என்று சீறினாள். இடையில் அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடின. தெருமுனைப் பல் டாக்டர், சொத்தையே இல்லாத அவற்றைப் பிடுங்கிப் போட்டார். குழி ஆறவில்லை, அதற்குள்ளிருந்து சதை வளர்ந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "இது பல்லுல வந்ததில்லம்மா. எலும்புக்குள்ள கட்டி. அபூர்வமா வர்றது" என்று வடிவிடம் தணிந்த குரலில் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கண்ண மூடிக்கோங்கய்யா. மோவாயில தொடுவேன். தொட்டதும் சொல்லணும்."

பஞ்சால் வருடினாள். அவர் பேசவில்லை. ஊசிமுனையால் குத்தினாள். ரத்தம் ஒரு பருக்கை அளவு திரண்டு நின்றது. டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

வடிவு எட்டி, முந்தானை நுனியால் அதை அழுத்தித் துடைத்தாள். ஒரு நாளும் அவள் அப்படித் துடைத்துவிட்டதில்லை.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் திறக்காமலே.